எல்லாரையும் ஏற்கும் வீடு

மத்திய தரைக்கடலைச் சூழ்ந்த பழம்பெரும் ஊர்களுக்குத் திருப்பயணம் சென்று மீளும் நம் மக்கள், அங்குள்ள பேராலயங்களையும் புனிதர்களின் கல்லறைகளையும் பற்றிப் பேசி முடித்த பின்னர், தாம் தங்கியிருந்த இடத்தைப் பற்றியும் இரண்டொரு சொற்கள் சொல்வதுண்டு. பெரிய ஓட்டல்களில் தங்கியோர் அதிகம் சொல்வதில்லை. குடும்பத்தார் நடத்தும் சிறு விடுதிகளில் தங்கியோர்க்குத்தான் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும். ஒரு குடும்பம் தான் குடியிருக்கும் வீட்டிலேயே ஏழெட்டு அறைகளை வழிப்போக்கர்க்கென ஒதுக்கி வைத்திருக்கும். வீட்டுத்தலைவி சமைப்பார். மகன் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்வான். முதிய பாட்டனார் முற்றத்து நாற்காலியில் அமர்ந்து, மொழி தெரியாத விருந்தினரைப் பார்த்துத் தலையசைப்பார். புறப்படும் நாளில் கணக்குப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். பணத்தைப் பெற்றுக்கொண்ட பின்னும் அவர்கள் வாசல்வரை வந்து வழியனுப்புகின்றனர்.

இத்தாலிய மொழியில் இத்தகைய விடுதிக்கு 'லொக்காந்தா' என்றொரு பெயர் உண்டு. வாடகைக்கு விடப்படுவது என்பது அச்சொல்லின் இலத்தீன் வேர்ப்பொருள். அதே மொழியில் 'ஓஸ்பிதே' என்னும் ஒரு சொல் விருந்தினரையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும். முன்னது வாணிபத்தைச் சொல்கிறது; பின்னது உறவைச் சொல்கிறது. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வாழ இயலுமா? காசு வாங்கிக்கொண்டு செய்யும் உபசரிப்பை விருந்தோம்பல் எனலாமா? சோறு விற்பது இழிவு என்று எண்ணிய மரபில் வந்த நமக்கு இதற்கு விடை சொல்வது எளிது எனத் தோன்றும். வரலாற்றின் ஏடுகளைப் புரட்டினால் அது அத்துணை எளிதன்று என்பது விளங்கும்.

தகடூரின் வாயில்

அரூர்ப் பகுதியில் வாழும் நமக்கு விருந்தோம்பலின் வரலாறு வெகு தொலைவில் தொடங்கவில்லை. இன்றைய தருமபுரியே சங்க காலத்துத் தகடூர். அங்கிருந்து ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் ஔவையார் விருந்தினராய் இருந்தார். ஒரு நாள் இரு நாள் அல்ல, பல நாள் பலரோடு சென்றாலும் முதல் நாளில் காட்டிய அதே விருப்பத்தோடு வரவேற்பவன் என்று அவர் அம்மன்னனைப் புறநானூற்றில் பாராட்டுகிறார். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று பிற்காலப் பழமொழி வரம்பு கட்டியது. அதியமானின் வீட்டில் அந்த வரம்பு இல்லை.

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். பின்னர் அது புதிதாய் வந்தவரைக் குறித்தது. அதன் பின்னரே அவர்க்கு இடும் உணவைக் குறிக்கலாயிற்று. உறவினரையும் நண்பரையும் உண்பிப்பது இல்லறத்தின் இயல்பு. முன்பின் அறியாத புதியவரை உண்பிப்பதே விருந்தோம்பல். கிரேக்க மொழியிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. 'க்செனோஸ்' என்னும் ஒரே சொல் அங்கு அயலாரையும் விருந்தினரையும் குறிக்கும்.

ஆயினும் தகடூரின் வாயிலில் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அதே அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, ஔவையார் வாயில்காவலனை விளித்து, கல்வியுடையோர் எத்திசை சென்றாலும் அத்திசையில் சோறு கிடைக்கும் என்று பாடிப் புறப்படத் துணிந்ததும் புறநானூற்றில் உள்ளது. புலவர்க்கு அந்தப் பெருமிதம் பொருந்தும். அவர் கையில் பாட்டு இருக்கிறது. எந்த வாயிலும் அவர்க்குத் திறக்கும். பாடத் தெரியாதவர், பெயர் அறியப்படாதவர், சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து அரூரில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர், இடுப்பு முடிச்சில் சில காசுகள் மட்டும் உடையவர் எந்த வாயிலுக்குச் செல்வார்? விடுதி என்னும் அமைப்பு பிறந்தது இத்தகையோர்க்காகவே.

யானைப் படம் எழுதிய விடுதி

பண்டைத் தமிழரும் மத்திய தரைக்கடல் உலகின் விடுதிகளைத் தேடியிருக்கவேண்டும். எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறைமுகத்தில் கிடைத்த பானையோடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. இவை கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை. சேர நாட்டு முசிறிக்குச் செல்லும் வாணிபத்திற்காக எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் ஒன்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுத் தாளில் எழுதப்பட்டு, இன்று வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது. பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த இவ்வணிகர்கள் எல்லாரும் எங்கோ ஓரிடத்தில் படுத்து எழுந்திருக்கத்தான் வேண்டும்.

கிரேக்கரும் உரோமையரும் விருந்தோம்பலைக் குடும்பங்களுக்கு இடையிலான உடன்படிக்கையாகவும் பேணினர். இரு குடும்பங்கள் ஓர் அடையாளச் சில்லை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளும். தலைமுறை கடந்து வந்த ஒருவர் தம் பாதியைக் காட்டினால் மறு பாதியை உடைய வீடு அவரை ஏற்கும். சிறந்த முறைதான், ஆயினும் சில்லு இல்லாதவர்க்கு அங்கே இடமில்லை. அவர் செல்ல வேண்டிய இடம் காசுக்கு இடம் தரும் விடுதி.

அத்தகைய விடுதிகளை இன்றும் நாம் காண முடிகிறது. கி.பி. 79-இல் வெசூவியு எரிமலையின் சாம்பலில் மூழ்கிய பொம்பேயி நகரில் பல விடுதிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் வாயிலில் யானையின் படம் எழுதப்பட்டிருந்தது. யானைப் படத்தைச் சித்தியு என்பவர் புதுப்பித்தார் என்னும் குறிப்பும், மூன்று கட்டில்களைக் கொண்ட உணவறையுடன் விடுதி வாடகைக்கு உண்டு என்னும் விளம்பரமும் அங்கே காணப்பட்டன. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு சிறு விடுதிக்காரரின் பெயரும் தொழிலும் இவ்வாறு நமக்கு எட்டியுள்ளன.

இவர்களுக்குச் சமுதாயத்தில் நற்பெயர் இல்லை. அப்பியு சந்தை என்னும் ஊரில் கஞ்சத்தனம் மிக்க விடுதிக்காரர்கள் நிறைந்திருந்தனர் என்று உரோமைக் கவிஞர் ஓராசியு தம் பயணக் கவிதையில் குறைகூறினார். புனித பவுல் கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, சகோதரர்கள் அவரை எதிர்கொள்ள வந்தது இந்த அப்பியு சந்தைவரைக்கும் மூன்று விடுதி என்னும் ஊர்வரைக்குமே எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. ஓர் ஊரின் பெயரே விடுதியைக் கொண்டு அமைந்திருந்தது என்பது கருதத்தக்கது.

உரோமைச் சட்டமும் விடுதிக்காரர்மேல் கடுமையான பொறுப்பைச் சுமத்தியது. கப்பலோட்டிகள், விடுதிக்காரர்கள், குதிரை லாயம் நடத்துவோர் ஆகியோர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைத் திருப்பித்தரத் தவறினால் அதற்கு அவர்களே பொறுப்பு என்பது நீதித்தலைவரின் ஆணை. கி.பி. 533-இல் யுஸ்தினியன் பேரரசர் தொகுப்பித்த சட்டத்தொகுதியில் இது இடம்பெற்றுள்ளது. வழிப்போக்கர் இவர்களை நம்பியே ஆகவேண்டியிருக்கிறது, ஆதலால் இவர்கள் திருடரோடு கூட்டுச் சேராதபடி கண்டிப்பு வேண்டும் என்று சட்ட அறிஞர் உல்பியன் காரணம் காட்டினார். விடுதித் தொழிலின் அடித்தளம் நம்பிக்கை என்பதை அந்நாளைய சட்டமே அறிந்திருந்தது.

யோப்பாவில் ஒரு வீடு

தொடக்கத் திருச்சபை வளர்ந்தது பெரும்பாலும் வீடுகளிலேதான். பிலிப்பி நகரில் செந்நிற ஆடை விற்ற லீதியா, திருமுழுக்குப் பெற்றதும் பவுலையும் உடனிருந்தோரையும் வற்புறுத்தித் தம் வீட்டில் தங்கவைத்தார். மால்தாவில் கப்பல் உடைந்து கரையேறியோரைப் புப்லியு மூன்று நாள் அன்புடன் உபசரித்தார். புத்தெயோலித் துறைமுகத்தில் சகோதரர்கள் பவுலை ஏழு நாள் தம்மோடு தங்கச் செய்தனர்.

இவ்வீடுகளுள் ஒன்றை நாம் தனித்து நோக்க வேண்டும். யோப்பா என்னும் கடற்கரை நகரில் புனித பேதுரு பல நாள் தங்கியிருந்தது, தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில். அவ்வீடு கடலோரம் இருந்தது. செத்த விலங்கின் தோலைக் கையாளும் அத்தொழில் யூத வழக்கில் தாழ்வாகவும் தீட்டுக்கு உரியதாகவும் எண்ணப்பட்டது. தோல் தொழிலைப் பற்றியும் அதனைச் செய்வோரைப் பற்றியும் நம் நாட்டில் நிலவிய எண்ணம் யாதென்று நாம் அறிவோம். ஆதலால் இச்செய்தியின் கனம் பிற நாட்டாரைவிட நமக்கு நன்கு புரிய வேண்டும்.

அந்த வீட்டின் மேல்தளத்தில்தான், கடவுள் தூய்மையாக்கியதை மனிதர் தீட்டென்று சொல்லலாகாது என்னும் காட்சி பேதுருவுக்குக் கிட்டியது. அந்நேரம் பிற இனத்தவரான கொர்னேலியு அனுப்பிய ஆள்கள் வாசலில் வந்து நின்றனர். பேதுரு அவர்களை உள்ளே அழைத்துத் தங்கவைத்தார். விருந்தினராய் வந்தவர் விருந்தளிப்பவர் ஆனார், அதுவும் பிறர் வீட்டில்! திருச்சபையின் கதவு பிற இனத்தார்க்குத் திறந்த வரலாறு, யோப்பாவில் ஒரு தொழிலாளி தம் வீட்டுக் கதவைத் திறந்ததிலிருந்து தொடங்குகிறது.

இந்த விருந்தோம்பலைத் தவறாகப் பயன்படுத்தியோரும் அந்நாளிலேயே இருந்தனர். 'திதக்கே' என்னும் தொன்மையான திருச்சபை ஒழுங்குநூல், வருகின்ற திருத்தூதரை ஆண்டவரைப் போல ஏற்கச் சொல்லும் அதே இடத்தில், அவர் ஒரு நாளோ தேவையெனில் இரண்டு நாளோ தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி என்கிறது. புறப்படும்போது அப்பம் தவிர வேறெதுவும் பெறலாகாது, பணம் கேட்டால் அவரும் போலியே. நம் பழமொழியின் மூன்று நாள் கணக்கை அங்கும் காண்பது வியப்பாக உள்ளது.

இரண்டு தெனாரியம்

இனி எரிகோச் சாலைக்கு வருவோம். நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். குருவும் லேவியரும் விலகிப் போனதையும் சமாரியர் மனமிரங்கியதையும் தியானித்திருக்கிறோம். உவமையின் இறுதியில் ஓரமாக நிற்கும் விடுதிக்காரரை யாரும் அதிகம் கவனிப்பதில்லை.

லூக்கா இவ்விடத்தில் கையாளும் கிரேக்கச் சொல் 'பாந்தோகெயோன்'. எல்லாரையும் ஏற்கும் இடம் என்பது அதன் நேர்ப்பொருள். குழந்தை இயேசு பிறந்த இரவில் இடம் கிடைக்காத இடத்தைக் குறிக்க அவர் வேறொரு சொல்லைக் கையாண்டார், அது 'கதலுமா'. இச்சொல்லையே, பாஸ்கா விருந்துண்ண ஆண்டவர் கேட்ட விருந்தினர் அறைக்கும் அவர் பயன்படுத்துகிறார். பெத்லகேமில் மறுக்கப்பட்ட அறையை எருசலேமில் பெயர் தெரியாத ஒரு வீட்டுக்காரர் கொடுத்தார் என இதனை நாம் பொருத்திப் பார்க்கலாம்.

சமாரியர் விடுதிக்காரரிடம் கொடுத்தது இரண்டு தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி என்பதைத் திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து அறிகிறோம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியு, வட இத்தாலிய விடுதிகளில் ஒரு நாள் தங்கி உண்பதற்கு அரை 'ஆசு' என்னும் சிறு நாணயமே போதுமென்று எழுதினார். அந்நாளில் ஒரு தெனாரியத்திற்குப் பத்து ஆசு. இடமும் காலமும் வேறாயினும், இரண்டு தெனாரியம் என்பது பல நாள் செலவுக்குரிய தொகை என்பது இதனால் விளங்கும். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று சொல்லிவிட்டுச் சமாரியர் புறப்பட்டார்.

இங்கே விடுதிக்காரர் செய்ததை எண்ணிப் பார்ப்போம். யூதர் வெறுத்த இனத்தைச் சேர்ந்த ஒரு வழிப்போக்கர் சொன்ன வாக்கை நம்பி, எவ்வளவு ஆகும் என்று தெரியாத செலவை அவர் ஏற்றுக்கொள்கிறார். கொண்டுவரப்பட்டவரோ ஆடை உரியப்பட்டவர், குற்றுயிராய்க் கிடப்பவர். உடை இருந்தால் இனம் தெரியும். பேச்சு இருந்தால் ஊர் தெரியும். இரண்டும் இல்லாத ஒரு மனிதர், வெறும் மனிதர், அவ்விடுதிக்குள் நுழைகிறார். விடுதிக்காரர் காசு வாங்கத்தான் செய்தார். அந்த விடுதி இல்லாதிருந்தால் சமாரியரின் இரக்கம் அன்றிரவே என்ன செய்திருக்கும் என்பதையும் நாம் கேட்க வேண்டும். இரக்கம் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்க்கும். மறுநாளும் மறுவாரமும் கஞ்சி ஊற்ற ஒரு வீடு வேண்டும்.

அலெக்சாந்திரியா நகரில் பிறந்த திருச்சபை எழுத்தாளர் ஒரிஜன் மூன்றாம் நூற்றாண்டில் இவ்வுவமைக்கு விளக்கம் சொன்னபோது, நுழைய விரும்பும் எவரையும் ஏற்கும் அவ்விடுதியே திருச்சபை என்றார். புனித அகுஸ்தீனும் அவ்வாறே கூறினார். திருச்சபைக்கு எத்தனையோ உயர்ந்த உவமைகள் இருக்க, சாலையோரத்து விடுதியை அதன் சாயலாகக் கண்டது அவர்களுடைய நெஞ்சின் அகலத்தைக் காட்டுகிறது.

அச்சாயலுக்கு ஏற்ப வாழவும் பலர் முயன்றனர். நான்காம் நூற்றாண்டில் புனித பெரிய பசிலியார் செசாரியாவில் ஏழைகளுக்கும் நோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் பெரியதோர் இல்லம் எழுப்பினார். உரோமைச் சீமாட்டி புனித ஃபபியோலாவும் பம்மாக்கியுவும் தீபர் ஆற்றின் முகத்துவாரத் துறைமுகத்தில் பயணியர் இல்லம் அமைத்தனர். பெத்லகேமில் பயணியரை ஏற்ற புனித ஜெரோம், மரியாவும் யோசேப்பும் மீண்டும் வந்தால் இடமின்றிப் போகக்கூடாதே என்னும் அச்சத்தால் யாவரையும் ஏற்பதாக எழுதினார். புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் 53-ஆம் இயலில், விருந்தினர் யாவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என விதித்து, ஏழைகளையும் திருப்பயணிகளையும் சிறப்பாகக் கவனிக்கச் சொன்னார். செல்வர்க்கு உரிய மரியாதையை அவர்கள்மேல் உள்ள அச்சமே பெற்றுத்தரும் என்பது அவர் கூறிய காரணம்.

பாந்தோகெயோன் என்னும் சொல்லும் ஊர் ஊராய்ப் பயணம் செய்தது. அரபு மொழியில் 'ஃபுந்துக்' ஆயிற்று. இத்தாலியில் 'ஃபோந்தகோ' ஆயிற்று. வெனிஸ் நகரில் 1228-இல் தோன்றிய ஜெர்மானியர் ஃபோந்தகோவில் ஜெர்மானிய வணிகர் கட்டாயமாகத் தங்க வேண்டும். அங்கேயே வாணிபமும் செய்ய வேண்டும். எல்லாரையும் ஏற்கும் இடம் என்னும் பெயர், இன்னாரை மட்டும் அடைத்துவைத்துக் கண்காணிக்கும் இடத்திற்கும் சூட்டப்பட்டது. சொல் அப்படியே இருக்க, அதன் பொருள் குறுகிப் போவது இப்படித்தான்.

நள்ளிரவு மணி

தமிழகத்திலும் வழிப்போக்கர்க்கு இடமளிப்பது பேரறமாகப் போற்றப்பட்டது. சத்திரம், சாவடி, தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கி, வீட்டுத் திண்ணை எனப் பல வடிவில் அது நிலவியது. மதுரை இராணி மங்கம்மாளின் பெயரால் இன்றும் சத்திரம் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதையில் சத்திரங்களை நிறுவினர். இரண்டாம் சரபோசி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார்.

அதற்கு முந்தைய ஆண்டில், இச்சத்திரங்களின் வருவாய்க்கு இடையூறு நேராதிருக்க வேண்டி அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் நம் நெஞ்சைத் தொடுவது. பிராமணர் முதல் பறையர் வரையிலும், பக்கிரிகள் உள்ளிட்ட எல்லாச் சமயத்து யாத்திரிகருக்கும் அங்கே சோறு இடப்பட்டது. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதோர்க்கு அரிசி அளக்கப்பட்டது. நள்ளிரவில் ஒரு மணி அடிக்கப்படும். இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணுமாறு அறிவிக்கப்படும். பசித்தவர் ஒருவரும் விடுபட்டுவிடக்கூடாது என்னும் அந்த நள்ளிரவு மணியோசையைவிட இனியதொரு ஓசை நம் வரலாற்றில் அரிது.

ஆயினும் அதே கடிதத்தில் ஒரு விரிசலும் தெரிகிறது. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதோர் யார்? யார் கை சமைத்தது, யார் அருகில் அமர்ந்து உண்பது என்பனவே அவர்களுடைய தயக்கத்தின் வேர். தமிழகத்தின் பல சத்திரங்கள் ஒரு சாராருக்கென்றே நிறுவப்பட்டன. பொதுவான சத்திரங்களிலும் பந்திகள் பிரிந்திருந்தன. இலவசமாக இடுகிறவர் யாருக்கு இடுவது என்று தாமே முடிவு செய்யலாம். தருமம் செய்பவரிடம் உரிமை பேச இயலாது. 1867-இல் வள்ளலார் வடலூரில் சத்திய தருமசாலையைச் சாதி வேறுபாடின்றி யாவர்க்கும் திறந்தது அக்காலத்தில் பெரும் புரட்சியாய் இருந்தது இதனால்தான்.

காசுக்குச் சோறும் இடமும் தரும் ஓட்டல்கள் பெருகியபோது இந்நிலை மாறியிருக்க வேண்டும். காசுக்குச் சாதி இல்லை என்பார்கள். நடந்தது வேறு. தமிழகத்து இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூடப் பிராமணர்க்குத் தனியிடம் இருந்தது. 1941-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. ஓட்டல் பெயர்ப்பலகையில் இருந்த சாதிச் சொல்லை நீக்கக் கோரிச் சென்னை திருவல்லிக்கேணியில் பெரியார் 1957-இல் ஒரு மறியலையே தொடங்க வேண்டியிருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் தன் 15-ஆம் பிரிவில் கடைகளையும் உணவகங்களையும் ஓட்டல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதி முதலியவற்றைக் காரணம் காட்டி எவரையும் அங்கே தடுக்கக்கூடாது என்று விதித்தது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் ஓட்டல் வாசலைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது என்றால், அவ்வாசலில் எத்தனை பேர் நிறுத்தப்பட்டிருப்பர்!

பரோடாவில் பதினொரு நாள்

அவ்வாறு நிறுத்தப்பட்டவருள் ஒருவர், அச்சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவராய் விளங்கிய அண்ணல் அம்பேத்கர். விசாவுக்குக் காத்திருத்தல் என்னும் பொருள்பட அவர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் அந்நிகழ்ச்சி உள்ளது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய அவர், 1917-இல் பரோடா அரசின் பணியில் சேரச் சென்றார். இந்து ஓட்டல்கள் தம்மை ஏற்கமாட்டா என்பது அவர்க்குத் தெரியும். பார்சிகள் நடத்திய ஒரு விடுதிக்குச் சென்றார். அது பார்சிகளுக்கு மட்டும் உரியது. நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் தருவதாகப் பேசி, பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதிக்கொண்டு அங்கே தங்கினார். பதினொராம் நாள் தடியேந்திய பார்சிகள் சிலர் வந்து அவரை வெளியேறச் சொன்னார்கள்.

அன்று அவர் அடைக்கலம் கேட்டு நாடியது இரு நண்பர்களை. ஒருவர் இந்து; மற்றவர் இந்தியக் கிறிஸ்தவர். இந்து நண்பர், அவர் வந்தால் தம் வேலையாள்கள் போய்விடுவர் என்றார். கிறிஸ்தவ நண்பரோ, மறுநாள் வரவிருக்கும் தம் மனைவியைக் கலந்துகொள்ள வேண்டும் என்றார். அது நயமாகச் சொல்லப்பட்ட மறுப்பு என்பதை அம்பேத்கர் பின்னர் அறிந்தார். அக்குடும்பம் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவத்திற்கு வந்தது. தீண்டப்படாதவர் எனப்பட்ட ஒருவரை வீட்டில் ஏற்க அவ்வம்மையார் இசைந்திருக்க மாட்டார். அன்றிரவே அம்பேத்கர் பரோடாவை விட்டுப் பம்பாய்க்கு இரயிலேறினார்.

யோப்பாவின் சீமோன் வீட்டையும் பரோடாவின் அந்தக் கிறிஸ்தவ வீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் நாம் தலைகுனிய நேர்கிறது. முன்னது தாழ்ந்ததெனக் கருதப்பட்ட வீடு. அது திருத்தூதரை ஏற்றது. பின்னது திருமுழுக்குப் பெற்ற வீடு. அது அயலாரை ஏற்கவில்லை. இது எங்கோ வடக்கே நடந்தது என்று தள்ளிவிடவும் இயலாது. தமிழகத் திருச்சபையிலும் ஆலயத்துள் தனித்தனி இருக்கைகளும் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவரும் இருந்த வரலாற்றை நாம் அறிவோம். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதி முற்சாய்வின் சாயல் இருப்பதும் உண்மையான மனித ஒருமைப்பாட்டிற்கு முரணானது என்று எடுத்துரைத்தார்.

நம் வாசல்

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை காணலாம். காசு வாங்குவதால் விருந்தோம்பல் கெட்டுவிடுவதில்லை. எரிகோச் சாலையின் விடுதிக்காரர் அதற்குச் சான்று. காசு வாங்காததால் மட்டும் விருந்தோம்பல் நிறைவுறுவதும் இல்லை. பந்தி பிரித்த சத்திரங்கள் அதற்குச் சான்று. வருகிறவர் இன்னார் என்று அறியாமலே அவரை நம்பி உள்ளே விடுவதில்தான் விருந்தோம்பலின் உயிர் இருக்கிறது. விருந்து என்றால் புதுமை; புதியவரை அஞ்சுகிற வீட்டில் விருந்துக்கு இடமில்லை.

மத்திய தரைக்கடல் ஊர்களின் குடும்ப விடுதிகள் நம் திருப்பயணிகளின் நினைவில் நிற்பதற்கும் இதுவே காரணம் எனலாம். பெரிய ஓட்டலில் அறை மட்டும் வாடகைக்கு வருகிறது. சிறு விடுதியிலோ ஒரு குடும்பம் தன் முற்றத்தையும் அடுப்பையும் உண்ணும் மேசையையும் முன்பின் தெரியாதவரோடு பகிர்ந்துகொள்கிறது. தோல் நிறம் வேறு, மொழி வேறு, நாடு வேறாய் நாம் அங்கே சென்று நிற்கிறோம். கடவுச்சீட்டைப் பார்த்துப் பெயரைப் பதிந்துகொண்டு சாவியைக் கொடுக்கிறார்கள். நம் சாதியைக் கேட்பாரில்லை. அந்நாடுகளிலும் அகதிகளையும் ஏழைக் குடியேறிகளையும் நோக்கி மூடப்படும் கதவுகள் உண்டு. எனவே அவர்களை நாம் அளவிறந்து புகழ வேண்டியதில்லை. ஆயினும் நாம் பெற்றுக்கொண்டதை நினைவிற்கொள்ளலாம்.

நம்மில் ஓட்டல் நடத்துவோர் சிலரே. ஆனால் வீட்டின் ஒரு பகுதியையோ மாடியறையையோ வாடகைக்கு விடுவோர் பலர். வேளாங்கண்ணித் திருவிழாக் காலத்தில் குடும்பங்கள் தம் அறைகளைத் திருப்பயணிகளுக்கு விடுவதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே வரும் எச்சமயத்தாரும் இடம் பெறுகின்றனர். அதே நாம் நம் ஊரில் குடித்தனம் வைக்கும்போது எப்படி நடந்துகொள்கிறோம்? அரூரிலும் தருமபுரியிலும் இருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகள் வாடகை வீடு கேட்டு வாசலில் நிற்கும்போது, முன்பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே ஒரு கேள்வி எழுகிறது: 'நீங்கள் என்ன ஆட்கள்?' அக்கேள்வியால் வாடி வந்த பிள்ளையைத் தேற்றுகிற பெற்றோர், தம் மாடியறையைக் கேட்டு வடநாட்டுத் தொழிலாளியோ சேரியிலிருந்து படித்து வந்த இளம் ஆசிரியையோ வந்து நிற்கும்போது, அதே கேள்வியைத் தாமும் கேட்பதுண்டு.

வாடகை வாங்குவது குற்றமன்று. வீட்டைக் காத்துக்கொள்ள வந்தவரின் பெயரும் தொழிலும் கேட்பதும் குற்றமன்று. அவற்றுக்கு அப்பால் எழும் அந்த ஒரு கேள்வியை நாம் விட்டுவிட முடியுமா என்பதே நம்முன் உள்ள சோதனை. ஞாயிறுதோறும் நல்ல சமாரியராய் வாழ அருள் கேட்கிறோம். சாலையில் அடிபட்டுக் கிடப்பவர் நாள்தோறும் நம் கண்ணில் படுவதில்லை. வீட்டு வாசலில் இடம் கேட்டு வருபவர் படுகிறார். ஆதலால் அந்த உவமையில் நமக்குப் பெரும்பாலும் கிடைக்கும் இடம் சமாரியரின் இடமன்று, விடுதிக்காரரின் இடம். இரண்டு தெனாரியத்தை வாங்கிக்கொண்டு, ஆடையும் பேச்சும் இழந்து வந்த அம்மனிதர் என்ன ஆள் என்று கேளாமல், அவர் படுப்பதற்கு ஓர் அறையைத் திறந்துவிட்ட அவரிடம் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு.